தலைவனுக்கு ஒரு காரணம்

எங்கள் அடுக்ககத்தில் எனக்கு இன்னொரு பெயர் உண்டு. இஸ்திரி போட்ட துணிகளைக் கொண்டுவரும் பெண், வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி, நான்காம் மாடி வங்கி அதிகாரியின் மனைவி எல்லோரும் நான் இல்லாத இடத்தில் என்னை ‘அரவ ஆன்ட்டி’ என்றுதான் சொல்கிறார்கள். குகட்பள்ளிக்குக் குடிவந்த புதிதில் அது வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நமக்கு அரவம் என்றால் சத்தம். கொஞ்சம் இலக்கியம் படித்தவர்களுக்குப் பாம்பு. இங்கே அது நம் மொழியின் பெயர். தெலுங்கில் ‘அரவடம்’ என்றால் கத்துவது, அதனால்தான் தமிழுக்கு அரவம் என்று பெயர் வந்தது என்று பக்கத்து வீட்டம்மா ஒருநாள் எனக்கே விளக்கினார். அது சரியான விளக்கமா என்று தெரியாது. சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, “கோபம் லேது கதா?” என்று கேட்டார். இல்லை என்று சிரித்தேன். கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? வத்தலக்குண்டில் நானும் என் கல்லூரித் தோழிகளும் தெலுங்கு பேசுகிறவர்களைக் ‘கொல்ட்டி’ என்றுதான் சொல்வோம். அதைச் சொல்லும்போது எங்கள் யாருக்கும் அது வசை என்ற நினைப்பே இருந்ததில்லை.

என் கணவருக்கு பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவரோடு வந்தவள் நான். மகள் ஹரிணி கொஞ்சம் வளர்ந்ததும் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. தெலுங்குப் படங்களைத் தமிழில் மாற்றும்போது நடிகர்களின் வாயசைவுக்குப் பொருந்துகிற மாதிரி வசனம் எழுதுவது. கிருஷ்ணா நகரில், சினிமாத் துணை நடிகர்கள் வாடகைக்கு இருக்கும் சந்துகளுக்கு நடுவே, ஓர் ஒலிப்பதிவுக் கூடம். தெலுங்கில் கதாநாயகன் நீளமாகத் திட்டினால் தமிழிலும் நீளமான திட்டு தேட வேண்டும். அவன் ‘ப’ என்று உதட்டை மூடினால் நானும் ஒரு ‘ப’வோ ‘ம’வோ கொண்டுவந்து வைக்க வேண்டும். தமிழ் பேச ஆளில்லாத ஊரில் நாள் முழுக்கத் தமிழோடு இருக்க முடிகிறதே என்று எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

சென்ற ஆண்டு அங்கே ஒரு சாகசப் படம் வந்தது. நான்கு நண்பர்கள் ஆப்பிரிக்கக் காட்டுக்குள் புதையல் தேடிப் போகிறார்கள். ஒரு கூட்டம் அவர்களைப் பிடித்துக் கட்டிப்போட்டு, பெரிய அண்டாவுக்குக் கீழே தீ மூட்டுகிறது. கதாநாயகன் தப்பிக்கிறான். நீங்களும் பார்த்திருப்பீர்கள், இந்தப் படம் இல்லாவிட்டாலும் இதைப் போல ஒன்றை. காடு என்று காட்டியது நகரத்துக்கு வெளியே இருக்கும் பாறைக் குன்றுகள். கூட்டமாக வந்தவர்கள் இங்கே கல்லூரிகளில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்கள். கூட்டத்தின் தலைவனாக நடித்தவர் ஜுமா. தான்சானியாவில் டாங்கா என்ற கடலோர ஊர்க்காரர், இங்கே மருந்தியல் படிக்கிறார். தன் பாத்திரத்துக்குக் குரல் கொடுக்க வந்தபோதுதான் முதன்முதலாக அவரைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முதுகில் புத்தகப் பை. பதிவுக்கூடத்தின் கதவை எனக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு, “ஆஃப்டர் யூ, மாமா” என்றார். நான் திகைத்து நின்றுவிட்டேன். ஒலிப்பதிவாளர் ஜாவீத்தும் சிரித்துவிட்டார். அவர்கள் மொழியில் மாமா என்றால் அம்மாவாம். வயதில் மூத்த பெண்களை அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்களாம். அதைக் கேட்ட பிறகு எனக்கும் அவர் ‘அவன்’ ஆகிவிட்டார்.

இயக்குநர் முப்பது வயதைத் தாண்டாத பையன். மிக மரியாதையானவர், யாரையும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. தலைவன் பேசும் இடத்தில் ஜுமா தன் தாய்மொழியான சுவாஹிலியில் இரண்டு வரி சொன்னான். இயக்குநர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ரொம்ப மென்மையாக இருக்கிறது, தாலாட்டு மாதிரி இருக்கிறது, பயமே வரவில்லை என்றார். இன்னும் கரகரப்பாக, நாக்கை மடக்கி ஏதாவது சொல்ல முடியுமா என்றார். ஜுமா முயன்றான். அதுவும் போதவில்லை. அப்போது இயக்குநர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு பிரகாசம்.

“மேடம், உங்க அரவம் இருக்கே! அதுல ‘ழ’ இருக்கு, ‘ற’ இருக்கு. நாலு வார்த்தைய முன்னும் பின்னுமா மாத்திப் போட்டுக் குடுங்க, காட்டு பாஷை மாதிரியே இருக்கும்.”

தெலுங்கில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். அவர் சொன்ன விதத்தில் துளி இளக்காரம் இல்லை. எனக்கு ஒரு கௌரவம் தருவதுபோலத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய், “அய்யோ மேடம், தப்புகா அனுகோகண்டி” என்றார். தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாமாம். எனக்கு என்ன நினைப்பது என்றே தெரியவில்லை.

எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது என் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா. ஏழாம் வகுப்பு. காட்டில் தொலைந்துபோகும் இளவரசியின் நாடகம். நரமாமிசம் தின்கிற கூட்டத்துக்கு ஆள் பொறுக்கிக்கொண்டிருந்த டீச்சர் எனக்கு முன்னால் வந்து நின்று, “நீ வா. உனக்கு மை பூசற வேலை மிச்சம்” என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். மேடையில் வேப்பிலையைக் கட்டிக்கொண்டு ‘ஜிங்கலா ஜிங்கலா’ என்று குதித்தேன். நன்றாகக் குதித்தேன் என்று எனக்கு ஒரு சோப்பு டப்பா பரிசு கிடைத்தது. பள்ளியை முடிக்கும்வரை பையன்களுக்கு நான் ஜிங்கலாதான். இதை ஜுமாவிடம் பிறகு சொன்னபோது அவன் தன் முழங்கையைத் தடவிக்கொண்டே, “என்மேல மை பூசினாங்க, மாமா. நான் போதுமான அளவு கறுப்பா இல்லைன்னு” என்றான்.

அன்றைக்கு நான் பேசினேன். இத்தனை வருடத்தில் அந்தக் கூடத்தில் வசனத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் நான் பேசியதில்லை. மனிதர்களைத் தின்கிற கூட்டம் என்று ஒரு கண்டத்தையே காட்டுவது சரியா, இந்தப் பையன் நாளைக்கு இதே ஊரில் பஸ்ஸில் ஏற வேண்டாமா என்று கேட்டேன். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். அவர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

“சாகசம்னா தெரியாத இடம் வேணும், ஒரு பயம் வேணும். பயத்த நான் குகட்பள்ளியிலிருந்தா கொண்டுவர முடியும்? வெள்ளைக்காரன் படத்துல நம்மள என்னவா காட்டினான்? பாம்பாட்டி, மந்திரவாதி. நாம டிக்கெட் வாங்கிப் பாத்தோமா இல்லையா? இப்ப நாம எடுக்கறோம். அதுவும் போகட்டும், உங்க தமிழ்ப் படத்துல தெலுங்கு பேசறவன எப்படிக் காட்டறாங்க? சொல்லுங்க மேடம்.”

ஜாவீத் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “கைக்கு இத்னா டென்ஷன் லேரே மேடம்? பிக்சரிச் தோ ஹை” என்றார். எதற்கு இவ்வளவு கவலை, வெறும் படம்தானே. அவர் எந்தச் சண்டையையும் இப்படித்தான் முடித்துவைப்பார். சலாம் போட்டுக்கொண்டே குண்டு வைக்கும் முஸ்லிமைப் படம் படமாக ஒலிப்பதிவு செய்த மனிதர் அவர். அப்போதும் இதையேதான் சொல்லியிருப்பாரோ என்னவோ.

ஜுமா மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டான். “சார், இந்தத் தலைவன் ஏன் இவங்களப் பிடிக்கறான்? அவனுக்கு ஒரு காரணம் வேணாமா?”

இயக்குநர் கதையை எழுதியவர். அவருக்கே அது தெரியவில்லை. யோசித்துவிட்டு, சரி, ஒரு வரியில் காரணம் சொல்ல முடியுமென்றால் எழுதிக் கொண்டுவாருங்கள், வைத்துக்கொள்கிறேன் என்றார். எங்களுக்கு அது பெரிய வெற்றியாகப் பட்டது.

இருவரும் எதிரே இருந்த இரானி ஹோட்டலில் போய் உட்கார்ந்தோம். ஜுமா டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு தன் அம்மாவைப் பற்றிச் சொன்னான். இங்கே அவன் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது இறந்துபோயிருக்கிறார். தேர்வு நேரம், விசாச் சிக்கல், போக முடியவில்லை. அடக்கம் செய்ததைத் தம்பி ஃபோனில் காட்டியிருக்கிறான். “அந்த இடத்த யாராவது தோண்டினா நான் என்ன செய்வேன், மாமா? பிடிச்சுக் கட்டத்தான் செய்வேன்” என்றான். அப்படித்தான் அந்தக் காரணம் கிடைத்தது. அவர்கள் புதையல் என்று தோண்டுகிற இடத்தில் அந்த மக்களின் முன்னோர் கிடக்கிறார்கள். அதை அவன் தன் மொழியில் சொன்னான்: ஹாப்பா வமெலாலா வாட்டு வேட்டு. இங்கே எங்கள் ஆட்கள் உறங்குகிறார்கள். எனக்கு அந்தக் கடைசிச் சொல் நம் ஊர்த் திருவிழா வேட்டு மாதிரியே காதில் விழுந்தது. அவர்களுக்கு அது ‘எங்களுடைய’. இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். நண்பர்களில் ஒருவன் அதை மொழிபெயர்த்துச் சொல்வதாகத் தமிழ் வசனம் எழுதினேன். இயக்குநர் சொன்ன சொல்லைக் காப்பாற்றித் தெலுங்கிலும் அதே வரியை வைத்தார்.

ஜுமா அதைப் பேசிய பிற்பகல் எனக்கு மறக்காது. கத்தவில்லை. கெஞ்சவும் இல்லை. வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட அந்நியரிடம், உள்ளே ஆள் தூங்குகிறது என்று சொல்வதைப் போலச் சொன்னான். ஜாவீத் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “க்யா ஆவாஸ் ஹை மியாங்” என்றார். என்ன ஒரு குரல் என்று அர்த்தம். பிறகு எழுந்துபோய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

படம் வெளியானதும் ஜுமாவையும் ஹரிணியையும் அழைத்துக்கொண்டு எங்கள் பகுதி மாலில் இருக்கும் திரையரங்குக்குப் போனேன். ஹரிணி பத்தாம் வகுப்பு. நான் தமிழில் கேட்டால் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்லும் பெண். ஜுமா தன் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். படம் தொடங்குவதற்கு முன், எந்த இனத்தையும் சமூகத்தையும் புண்படுத்துவது எங்கள் நோக்கமல்ல என்று ஓர் அறிவிப்பு வந்தது. கறுப்புப் பின்னணியில் பொன்னெழுத்து, வீணை இசை. கூடத்தில் நான் பேசியதன் பலன் அது என்று எனக்குப் புரிந்தது. என் வாதத்தை அவர்கள் மதித்து ஏற்றுக்கொண்டு, அழகான எழுத்தில் அச்சடித்து, முன்னால் ஒட்டிவிட்டார்கள்.

தலைவன் வந்தான். வாயைத் திறந்தான். ஹாப்பா வமெலாலா என்று தொடங்கிய குரல் பாதியில் வேகமெடுத்தது. வாட்டு வேட்டு, வாட்டு வேட்டு, வாட்டு வேட்டு என்று கீச்சுக் குரலில் திரும்பத் திரும்ப ஓடியது. அதற்குப் பின்னால் மேளம் சேர்ந்தது. அர்த்தம் சொல்ல வேண்டிய நண்பன், “பசிக்குதாம், மசாலா எங்கேன்னு கேக்கறான்” என்றான். அரங்கமே அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவர் சிரிப்புத் தாங்காமல் எழுந்து நின்றுவிட்டார். ஹரிணி சிரித்தாள். சிரித்த பிறகு என்னைப் பார்த்தாள். உடனே ஐஸ்க்ரீம் கப்பைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தாள். நான் ஜுமாவின் பக்கம் திரும்பவே இல்லை. அவன் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

இயக்குநரைப் பிறகு ஃபோனில் பிடித்தேன். படத்தொகுப்பில் அந்த இடம் சோர்ந்து போயிற்று, தயாரிப்பாளர் தரப்பில் சிரிப்பு வேண்டும் என்றார்கள், மன்னித்துவிடுங்கள் மேடம் என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். அதனால் அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஆனால் அன்று படம் விட்டு வெளியே வந்தபோது நடந்ததுதான் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. யாரோ அவனை அடையாளம் கண்டுகொண்டார்கள். “சீஃப்! சீஃப்!” என்று ஒரு குடும்பமே ஓடிவந்தது. குழந்தைகளை அவன் பக்கத்தில் நிறுத்திச் செல்ஃபி எடுத்தார்கள். அந்த அப்பா சிரித்த முகத்தோடு, “ஒன் டைம், ப்ளீஸ். வாட்டு வேட்டு” என்றார். நான் குறுக்கே போகலாமா என்று நினைப்பதற்குள் ஜுமா சொல்லிவிட்டான். சிரித்துக்கொண்டே, வேகமாக, படத்தில் வந்த மாதிரியே. அவர்கள் கைதட்டினார்கள். இன்னொரு குடும்பம் வந்தது. அவர்களுக்கும் சொன்னான். ஆட்டோவில் ஏறும்போது, “ஏன்டா சொன்னே?” என்று கேட்டேன். எந்த மொழியில் கேட்டேன் என்று நினைவில்லை. “அன்பாத்தானே கேட்டாங்க, மாமா” என்றான்.

அதன் பிறகு அந்த வரி எங்கும் இருந்தது. ரீல்ஸில் ஓடியது, கல்யாண வீட்டுப் பாட்டில் வந்தது, எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போது அதைக் கத்தினார்கள். ஹரிணியின் பள்ளி வேனில் அவளைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் என் நிறம். ஒருநாள் அவள் மேசையில் முகத்தை வெளுப்பாக்கும் க்ரீம் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் பேசப் போனேன்.

“இட்ஸ் ஜஸ்ட் எ மூவி, அம்மா. நுவ்வு எந்துகு இன்த சீரியஸ்கா தீஸ்குன்டாவ்?” என்றாள்.

நான் ஏன் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறேனாம். அந்த வரியின் அர்த்தத்தை அவளுக்குச் சொன்னேன். ஜுமாவின் அம்மாவைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியது. அடுத்த வாரமும் அந்த க்ரீம் மேசையில்தான் இருந்தது, பாதி தீர்ந்து.

வத்தலக்குண்டிலிருந்து என் அண்ணன் கூப்பிட்டான். “ஏய், உன் பேரு டைட்டில்ல வந்துச்சு! இங்க தியேட்டர்ல செம கூட்டம். உன் மருமகன் நாள் பூரா வாட்டு வேட்டுன்னு கத்திக்கிட்டுத் திரியறான்” என்றான். இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி அவன் பெருமையாகப் பேசியது அதுதான் முதல்முறை. அர்த்தத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணி பக்கத்தில் நின்று வாழ்த்துச் சொன்னார். சொல்லாமலே வைத்துவிட்டேன்.

ஜுமாவுக்கு நேர்ந்தது வேறு. டோலிசௌக்கியில் தன் நாட்டு மாணவர்களோடு ஒரு வீட்டில் தங்கியிருந்தான். தெருவில் இறங்கினால் அவர்கள் எல்லோரையும் பார்த்துப் பிள்ளைகள் அதைக் கத்தினார்கள். பெரியவர்களும் கத்தினார்கள். காய்கறி வாங்கப் போன ஒரு பெண்ணின் பின்னாலேயே கூட்டம் பாடிக்கொண்டு போயிருக்கிறது. அவள் வீட்டுக்கு வந்து ஜுமாவிடம், “நம்ம செத்துப்போனவங்களையா வித்தே?” என்று கேட்டிருக்கிறாள். அந்த வீட்டிலிருந்து அவனைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர்களைத் தப்பு சொல்ல அவனும் தயாராக இல்லை, நானும் இல்லை. எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்று கணவரிடம் கேட்டேன். அவர் சரி என்றார். அடுக்ககச் சங்கம் கூடாது என்றது. நான்காம் மாடி அம்மா, “எங்களுக்கு ஒன்றுமில்லை, குழந்தைகள் பயப்படும்” என்றார். நாள் முழுக்க அவன் குரலைக் கத்திக்கொண்டு விளையாடும் அதே குழந்தைகள்தான்.

கடைசியில் அவனுக்கு இடம் கொடுத்ததும் சினிமாதான். எல்லா மொழியிலும் இப்போது ஒரு காட்டுத் தலைவன் தேவைப்படுகிறான். படிப்பை முடிக்காமலே நிறுத்திவிட்டான். ஒரு தேர்வுதான் பாக்கி, எழுதிவிடு என்று எவ்வளவோ சொன்னேன். “மருந்துக் கடையில நின்னாலும் வாட்டு வேட்டுதான் கேப்பாங்க, மாமா” என்றான். அடுத்த படத்துக்கு அதே காட்டு மொழி வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். மறுத்தேன். வேறு யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் மறுத்ததால் எதுவும் நிற்கவில்லை.

போன வாரம் மாலை, குகட்பள்ளி மெட்ரோ தூண்களுக்குக் கீழே சாலையைக் கடக்க நின்றிருந்தேன். ராமச்சந்திராபுரம் பக்கமிருந்து வரும் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஜுமா கூப்பிட்டான். ஒரு தமிழ்ப் படத்துக்காகக் கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கிறானாம். வத்தலக்குண்டைத் தாண்டித்தான் போனானாம். பெயர்ப்பலகையைப் பார்த்து என்னை நினைத்துக்கொண்டானாம். மழை பெய்து ஓய்ந்திருக்கிறது, உடம்பில் இலையும் கயிறும்தான், குளிர் தாங்கவில்லை, ஆங்கிலத்தில் கேட்டால் யாருக்கும் புரியவில்லை, தமிழில் எப்படிக் கேட்பது என்றான்.

“எனக்குக் குளிருதுண்ணே, ஒரு போர்வை குடுங்க” என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு முறை திருப்பிச் சொன்னான். ‘ண்ணே’ அவனுக்கு அழகாக வந்தது. ஃபோனை அணைக்காமலே அங்கிருந்த யாரிடமோ போய்ச் சொன்னான்.

ஒரே சிரிப்பு.

“ஏய், இங்க வாங்கடா! தமிழ் பேசுதுடா!”

“இன்னொருக்கா சொல்லச் சொல்லு, வீடியோ எடுப்போம்!”

பேசுது. குழந்தையை அப்படிச் சொல்வோம். நாயையும் கிளியையும் அப்படிச் சொல்வோம். அவன் மறுபடியும் சொல்கிறான், இன்னும் தெளிவாக, இன்னும் பணிவாக. மறுபடியும் சிரிக்கிறார்கள். “இவங்க என்ன சொல்றாங்க, மாமா?” என்று என்னிடம் கேட்கிறான்.

“போர்வை கொண்டுவராங்களாம்” என்றேன்.

அவன் ஃபோனைப் பிடித்தபடி காத்திருந்தான். என்னைச் சுற்றிலும் தெலுங்கு, ஹார்ன், ஷேர் ஆட்டோக்காரர்களின் கூவல். என் காதுக்குள் மட்டும் என் ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இழுப்பு, அந்த ‘இன்னொருக்கா’, வாய் நிறைந்த அந்தச் சிரிப்பு. எத்தனை மாதமாயிற்று, இப்படி ஒரு கூட்டமாக அதைக் கேட்டு. கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவும் மனம் வரவில்லை. சாலையைக் கடக்க வேண்டியவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.